வலிக்கல்லே

எதிர்வீட்டு மாமா தன் வாழ்நாளில் விழுந்ததே இல்லை. வலியசாலைக் கோயில் குளத்துப் படியில் பாசி வழுக்கி, செம்பு ஒரு பக்கமும் செருப்பு ஒரு பக்கமுமாக அவர் கிடந்ததை நானே என் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஓடிப்போய்க் கை கொடுத்தேன். "விழல்லே கொழந்தே, சித்தெ உக்காந்தேன்" என்றார். படியில் உட்காருகிறவர்கள் பொதுவாகத் தலை கீழேயும் கால் மேலேயுமாக உட்காருவதில்லை. அதை அவரிடம் சொல்லிப் பிரயோஜனம் இல்லை என்பதால் செம்பை எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.

மழைக்காலத்தில் ஒருநாள் அவர் வீட்டுக் கூடத்தில் மாமி வாளியும் பாத்திரமுமாகப் பரப்பி வைத்திருந்தாள். "கூரை ஒழுகறதா மாமா?" என்று கேட்டேன். அண்ணாந்து பார்த்தார். "ஒழுகல்லே. பழைய ஓடாக்கும். கொஞ்சம் வேர்க்கறது" என்றார். வேர்வை அவர் மூக்கின் மேலேயே விழுந்தது. துடைத்துக்கொண்டார்.

நான் அப்போது கழக்கூட்டத்தில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் டெஸ்டிங் வேலையில் இருந்தேன். அடுத்தவர் எழுதிய புரோகிராமில் குறை கண்டுபிடித்துச் சொல்வதற்கு எனக்குச் சம்பளம். மாமா கிழக்கேகோட்டையில் ஆடிட்டர். அடுத்தவர் கணக்கில் குறை கண்டுபிடிப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை என்று ஊரே சொல்லும். வியாபாரிகள் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாலே நடுங்குவார்களாம். ஆனால் சாயங்காலம் வீட்டு வாசலுக்குள் கால் வைத்துவிட்டால் போதும், குறை என்ற ஒன்று உலகத்தைவிட்டே போய்விடும்.

"இவர் வாயாலே ஒரு கஷ்டம்னு நான் கேட்டதே இல்லைடீ" என்று மாமி சொல்வாள். "கூட இருக்கறவளுக்கு அது எத்தனை கஷ்டம்னு இவருக்குத் தெரியாது."

இனி மாமா வீட்டில் இருந்த அந்த வண்டியைப் பற்றி. அதை வாங்கியது மாமா இல்லை, அவர் பிள்ளை கிச்சு. இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்காரலாம். கதவு கிடையாது, கண்ணாடி கிடையாது, தலைக்கு மேலே இரும்புக் குழாயில் ஒரு கூண்டு. மலைச்சரிவிலும் சேற்றிலும் ஓட்டுவதற்கென்றே செய்த வண்டி. ரோட்டில் ஓட்ட அதற்கு அனுமதி இல்லை. ஆகவே காட்டில் புலிமாதிரி பாயவேண்டிய அந்த வண்டி, நகரத்துக்குள் ஒரு பிக்கப்பின் முதுகில் ஏறிக்கொண்டுதான் போகும், வரும். கிச்சுவும் அவன் சிநேகிதர்களும் அதை 'பக்கி' என்பார்கள். எங்கள் ஆபீசில் பக்கி என்றால் ஓட்டை உடைசல் நிறைந்த புரோகிராம். தமிழில் பக்கி என்றால் என்னவென்று எல்லோருக்கும் தெரியும். மாமி அந்தப் பெயரை மூன்று அர்த்தத்திலும் மனம் நிறைந்து சொல்லுவாள்.

கிச்சுவுக்குக் கனடாவில் வேலை கிடைத்தது. போகிற அன்று வாசலில் நின்றுகொண்டு, "அதை வித்துடுங்கோப்பா, நான் இனி எங்கே ஓட்டப்போறேன்" என்றான். மாமா தலையை ஆட்டினார். விமான நிலையத்திலிருந்து திரும்பி வந்ததும் நேரே ஷெட்டுக்குப் போய் வண்டிக்கு உறையைப் போட்டார். "விக்கல்லையான்னா?" என்று மாமி கேட்டதற்கு, "வித்துட்டா அவன் வரச்சே எதிலே போவான்?" என்று திருப்பிக் கேட்டார். பிறகு அவரே ஓட்டக் கற்றுக்கொண்டார்.

பிள்ளை ஆரம்பத்தில் ஞாயிற்றுக்கிழமை தோறும் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். பிறகு ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு. அப்புறம் எப்போதாவது. "கிச்சு பேசினானா மாமா?" என்றால், "பேசல்லேன்னா எல்லாம் நன்னா இருக்குன்னு அர்த்தமாக்கும். பிரச்சனை இருந்தா கூப்பிட்டிருப்பானே" என்பார். அந்தத் தர்க்கத்தில் என்னாலேயே ஓட்டை கண்டுபிடிக்க முடியவில்லை. ஆனால் கிச்சு கூப்பிடாத ஞாயிறுகளில்தான் மாமா ஷெட்டில் ஸ்பானரும் கையுமாக அதிக நேரம் இருந்தார். அது தெரு முழுக்கத் தெரிந்த விஷயம். கிச்சு கூப்பிடாத வாரம் வண்டிக்குப் புதிதாக ஏதாவது வரும்.

முதல் தடவை விதுரைக்குப் பக்கத்தில், அவரிடம் கணக்குப் பார்க்கும் ஒருவருடைய ரப்பர் எஸ்டேட்டுக்கு வண்டியைக் கொண்டுபோனார். எஸ்டேட்டுக்கு உள்ளே, மேலே அருவி வரை ஒரு பழைய மண்பாதை உண்டு. கிச்சு ஒரே மூச்சில் ஏறிப் போவானாம். மாமா ஓட்டியபோது ஏறுகிற வழியிலேயே வண்டி சேற்றில் பாதிச் சக்கரம் வரை இறங்கிவிட்டது. மாமி அதை என்னிடம் நடித்தே காட்டினாள். "மாட்டிண்டுதான்னேன். 'மாட்டிக்கல்லே, நிக்கறது'ங்கறார். ரப்பர் வெட்டறவா அத்தனை பேரும் வந்து தள்ளினா. அவாளுக்கு எக்சர்சைஸ் ஆச்சாம்!"

அடுத்த மாதம் வண்டிக்குப் பெரிய பல் வைத்த சேற்று டயர் வந்தது. டயர் பெரிதானதால் மட்கார்டில் உரசியது. அதற்காக வண்டியைத் தூக்கி உயரமாக்கினார். உயரமானதால் வளைவில் ஆடியது. புதிய ஷாக் அப்சார்பர்கள் வந்தன. டயரின் கனத்தை இழுக்க முடியாமல் எஞ்சின் பெல்ட் புகைந்தது. தெருவே கருகல் நாற்றம் அடித்தபோது, "புது பெல்ட்டோட வாசனை" என்றார். அதற்கு வேறு ஸ்பிரிங், வேறு பெல்ட். மழைக்கு ஒரு கூரை, கூரை வந்ததும் சேறு முகத்தில் அடிக்கிறது என்று ஒரு முன்கண்ணாடி, கண்ணாடி வந்ததும் சேற்றில் வழி தெரியவில்லை என்று ஒரு வைப்பர். எங்கள் ஆபீசிலும் இதே கதைதான் நடக்கும். ஒரு குறையைச் சரிசெய்தால் அதிலிருந்து இன்னொன்று முளைக்கும். நாங்கள் அதற்கு அப்டேட் என்று பெயர் வைத்து வாடிக்கையாளர் தலையில் கட்டுவோம். மாமா 'ஒரு சின்ன முன்னேற்றம்' என்பார். குறையே இல்லாத வண்டிக்கு இத்தனை முன்னேற்றம் எதற்கு என்று நான் ஒருமுறை கேட்டேன். "கிச்சு வரச்சே பாத்து அசந்து போகண்டாமா?" என்றார்.

வண்டி அசந்துபோகிற அளவுக்கு அகலமாகிவிட்டதால் ஒருநாள் கேட்டுக்குள் நுழையவில்லை. பிக்கப்பிலிருந்து இறக்கி, தெருவிலேயே நிறுத்தி, எல்லோரும் சுற்றி நின்று பார்த்தோம். "வண்டி பெரிசாயிடுத்தா மாமா?" என்றேன். "வண்டி அதேதான். கேட்டுதான் சின்னது" என்று சொல்லிவிட்டு, சுவரை இடித்துக் கேட்டுக்கும் ஒரு முன்னேற்றம் செய்தார். மாமாவும் மாமியும் இப்போது அந்தத் தெருவில் இல்லை. வீட்டை வாங்கிய துணி வியாபாரி அதைக் கிடங்காக வைத்திருக்கிறார். அகலமான கேட்டைப் பார்த்துத்தான் வாங்கினாராம்.

கடைசியில் வந்தது வின்ச். வண்டியின் மூக்கில் பொருத்துகிற ஒரு மோட்டார். அதில் இரும்புக் கயிறு சுற்றியிருக்கும். கயிற்றின் கொக்கியை ஒரு மரத்தில் மாட்டிப் பொத்தானை அழுத்தினால், கயிறு சுருள, சேற்றில் கிடக்கிற வண்டி தன்னைத் தானே மேலே இழுத்துக்கொள்ளும். மாட்டிக்கொள்ளவே கொள்ளாத வண்டிக்கு இது எதற்கு? கேட்டே விட்டேன். மாமா என்னை இரக்கத்தோடு பார்த்தார். "நமக்கில்லை கொழந்தே. வழியிலே வேற யாராவது மாட்டிண்டா உதவண்டாமா?"

பிக்கப் டிரைவர் ஷிபு நல்ல மனுஷன். நெடுமங்காட்டுக்காரன், எங்களைப்போல மலையாள நாட்டில் வந்து குடியேறிய தமிழன் இல்லை, மலையாளி. வண்டியை ஏற்றி இறக்குவதோடு வின்ச்சின் பொத்தானும் அவன் பொறுப்பாயிற்று. கொல்லைப்புறத்தில் தென்னைமரத்தில் கொக்கியை மாட்டி ஒத்திகை நடந்தது. மலையாளத்தில் வலிப்பது என்றால் இழுப்பது. "வலிக்கட்டே சாறே?" என்று ஷிபு கேட்பான். இழுக்கட்டுமா சார் என்று அர்த்தம். இழு என்பதற்கு மாமா "வலிச்சோ!" என்பார். சமையலறை ஜன்னல் வழியாக இதைக் கேட்டுக்கொண்டிருந்த மாமி, "வலிக்கட்டே வலிக்கட்டேன்னாவது ஒருத்தன் உங்களைக் கேக்கறானே" என்றாள். மாமாவுக்கு அது காதில் விழவில்லை, அல்லது விழவில்லை என்று சொன்னார்.

அந்த வருஷம் ஓணத்துக்குக் கிச்சு வருவதாக இருந்தது. டிக்கெட் போட்டாயிற்று என்று செய்தி வந்தது முதல் மாமா தரையில் நடக்கவில்லை. வண்டியைப் பிரித்து, துடைத்து, எண்ணெய் போட்டு, மறுபடி பூட்டினார். கிச்சு உட்காரப்போகிற டிரைவர் சீட்டுக்குப் புதிய உறை தைத்துப் போட்டார். பக்கத்து சீட்டுக்கு, அதாவது தனக்கு, பழைய உறையே போதும் என்றார். எஸ்டேட்காரரிடம் சொல்லி அருவிப் பாதையில் விழுந்து கிடந்த மரத்தை அறுத்து அகற்ற வைத்தார். நான் அவரை அவ்வளவு சந்தோஷமாகப் பார்த்ததில்லை. எனக்கே கிச்சு எப்போது வருவான் என்று ஆகிவிட்டது.

வருவதற்கு முந்தின வாரம், லீவு கிடைக்கவில்லை, இந்த வருஷம் முடியாது என்று கிச்சுவிடமிருந்து ஒரு மெசேஜ் வந்தது. கூப்பிட்டுக்கூடச் சொல்லவில்லை. மாமா அதை மாமிக்குப் படித்துக் காட்டினார். எனக்கும் படித்துக் காட்டினார். "நல்லதாப் போச்சு. வின்ச்சை ஒரு தடவை மலையிலே டெஸ்ட் பண்ணல்லையேன்னு இருந்தேன். நேரம் கிடைச்சுது" என்றார். கிச்சு வந்திறங்கியிருக்க வேண்டிய அதே நாளில் பயணம் என்று முடிவு செய்தார். மாமி என்னிடம் வந்து, "நீயும் வாடி. அந்தப் பக்கியிலே இவர் பக்கத்துலே உக்காந்துண்டு என்னால ஒத்தைக்கு எல்லாம் நன்னா இருக்குன்னு சொல்லிண்டிருக்க முடியாது" என்றாள். நான் லீவு போட்டேன்.

எஸ்டேட்டில் முந்தின நாள் நல்ல மழை பெய்திருந்தது. மாமா புது உறை போட்ட சீட்டில் ஏறிக்கொண்டார். பழைய உறையில் மாமி. ஷிபுவும் நானும் பின்னால் நடந்தோம். பாதி தூரம் வண்டி உண்மையிலேயே அழகாக ஏறியது, அதையும் சொல்ல வேண்டும். ஒரு திருப்பத்தில் இடதுபக்கச் சக்கரம் தண்ணீர் அறுத்த பள்ளத்தில் இறங்கி, வண்டி சாய்ந்து நின்றது. மாமா இறங்கிச் சுற்றிவந்து பார்த்தார்.

"மாட்டிண்டுதோ?" என்று மாமி உள்ளிருந்தபடியே கேட்டாள்.

"நிக்கறது. வின்ச்சை டெஸ்ட் பண்ண இதைவிட நல்ல இடம் கிடைக்காது."

மாமியை இறக்கிவிட்டோம். ஷிபு கொக்கியை மேலே ஓர் ஆஞ்சிலி மரத்தில் மாட்டிவிட்டு, பொத்தானும் கையுமாக வண்டிக்கு வலதுபக்கம் போய் நின்றான். மாமா இடதுபக்கம் குனிந்து சக்கரத்துக்கு அடியில் கல் கொடுத்துக்கொண்டிருந்தார். "வலிக்கட்டே சாறே?" "வலிச்சோ!" கயிறு விறைத்தது. வண்டி மேலே ஏறுவதற்குப் பதிலாகப் பக்கவாட்டில் நகர்ந்து, அந்தப் பல் வைத்த பெரிய டயர் மாமாவின் வலதுகாலைப் பாறையோடு சேர்த்து அமுக்க ஆரம்பித்தது.

அவர் கத்தவில்லை. முகம் மட்டும் சாம்பல் நிறமாயிற்று. முதலில் பார்த்தவள் மாமி. "ஏன்னா! காலு! வலிக்கறதா?" என்று அலறினாள்.

மாமா, எஞ்சின் சத்தத்துக்கு மேலே, அடித்தொண்டையிலிருந்து கத்தினார்: "வலிக்கல்லே!"

உடனே கயிறு நின்றது.

சென்னைக்காரராக இருந்தால் 'வலிக்கல' என்றிருப்பார், கால் போயிருக்கும். எங்கள் தெருக்களில் வீட்டுக்குள் பேசுகிற பழைய தமிழில் இன்னும் ஒரு 'ல்' கூட உண்டு. விழல்லே, ஒழுகல்லே, மாட்டிக்கல்லே. அந்த ஒரு 'ல்' சேர்ந்ததும் வலிக்கல்லே என்பது அப்பட்டமான மலையாளமாகிவிடுகிறது. 'இழுக்காதே' என்று அர்த்தம். வண்டிக்கு மறுபக்கம் நின்ற ஷிபுவுக்குக் காலும் தெரியாது, மாமியின் கேள்வியும் தெரியாது. சார் இழுக்காதே என்று கத்தினார், அவன் பொத்தானை விட்டான். பொய் சொல்லித் தப்பித்தவர்களைப் பற்றி நான் கேள்விப்பட்டிருக்கிறேன். பாஷை மாறிப்போன பொய்யால் தப்பித்தவரை அன்றுதான் பார்த்தேன்.

ரப்பர் வெட்டுகிறவர்கள் ஓடிவந்து, மரக்கட்டையைக் கொடுத்து வண்டியை நெம்பி அவர் காலை வெளியே எடுத்தார்கள். பிக்கப்பில் ஷிபுவுக்குப் பக்கத்தில் மாமாவை ஏற்றி, நானும் மாமியும் நெருக்கியடித்து உட்கார்ந்துகொண்டோம். மலையிறங்கும்போது ஷிபு நன்றியோடு சொன்னான்: "சாறு பறஞ்ஞது பாக்யம். வலிக்கல்லேந்நு கேட்டதும் ஞான் கை எடுத்து." சார் சொன்னது நல்லதாயிற்று, கேட்டவுடனே கையை எடுத்துவிட்டேன் என்கிறான்.

மாமாவுக்குச் சுருக்கென்றது. அவர் கெஞ்சினார் என்றல்லவா ஆகிறது! "நிறுத்தச் சொல்லல்லேப்பா நான். வலிக்கல்லேன்னுதான் சொன்னேன்."

"அதே சாறே. வலிக்கல்லேந்நு."

"அதில்லை. வலிக்கல்லேன்னு!"

"அதே, அதே. அதுகொண்டல்லே நிர்த்தியது!" அதனால்தானே நிறுத்தினேன் என்று அவன்.

நெடுமங்காடு வரை இதே ரீதியில் வழக்கு நடந்தது. இழுக்காதே என்று தான் சொல்லவில்லை என்பதை நிரூபிப்பதற்காக, வீங்கிக்கொண்டிருக்கிற காலை வைத்துக்கொண்டு அந்த மனிதர் தொண்டை வறளப் பேசினார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அவரைப் பிடித்து உலுக்கவேண்டும்போலக் கோபமும் வந்தது. மாமி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள்.

நகரத்துக்கு வந்து ஓர் ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் சேர்த்தோம். மலையாளி லேடி டாக்டர், சின்ன வயசு. கால் பாதம் கத்திரிக்காய் நிறத்தில் இருந்தது. டாக்டர் விரலைப் பிடித்து அமுக்கி, "வேதனையுண்டோ?" என்றார். மலையாளத்தில் வலிக்கு வேதனை என்றுதான் பெயர்.

"இல்லா" என்றார் மாமா.

"இவிடெயோ?"

"இல்லா."

தெரிகிறதா என்று ஊசியால் குத்தினார். "இது அறியாமோ?"

"ஏய், ஒந்நும் இல்லா."

டாக்டரின் முகம் மாறியது. எழுந்துபோய் இன்னொரு டாக்டரை அழைத்துவந்தார். இருவரும் தாழ்ந்த குரலில் பேசியதில் எனக்குப் புரிந்தது இதுதான்: இவ்வளவு நசுங்கிய காலில் உணர்ச்சியே இல்லையென்றால் நரம்பு போயிருக்கவேண்டும், அல்லது ரத்த ஓட்டம். உடனே சர்ஜனைக் கூப்பிட்டுக் காலைத் திறந்து பார்க்கவேண்டும். காலைக் காப்பாற்ற முடியுமா என்று இப்போது சொல்ல முடியாது.

என் தொழிலில் இதைத் தவறான ரிப்போர்ட் என்போம். "டாக்டர், இவர் சொல்வதை வைத்து முடிவு செய்யாதீர்கள்" என்று ஆங்கிலத்தில் சொல்லிப் பார்த்தேன். அவருக்கு நான் யாரோ. பேஷன்ட்தான் தெளிவாகச் சொல்கிறாரே என்றார்.

மாமி கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். அவள் குரல் அவ்வளவு மெதுவாக வந்து நான் கேட்டதில்லை. "ஏன்னா, காலை எடுத்துடுவா. ஒத்தைக் காலை வெச்சுண்டும் நன்னா இருக்குன்னு சொல்லுவேள், எனக்குத் தெரியும். என்னாலே அதைப் பாத்துண்டிருக்க முடியாது. உள்ளதைச் சொல்லுங்கோ."

டாக்டர் மறுபடி கட்டைவிரலைப் பிடித்தார். அமுக்கினார். மாமாவின் நெற்றியில் வேர்வை துளிர்த்தது. தாடை இறுகியது. வேண்டாம், இப்படிப் போகவிடாதே என்று நான் என் குலதெய்வத்தை எல்லாம் கூப்பிட்டேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"வலிக்கறது" என்றார்.

அரைநூற்றாண்டு இந்த ஊரில் கணக்குப் பார்த்து மலையாளத்தில் வாதாடியவருக்கு அந்த நேரத்தில் தமிழ்தான் வந்தது. டாக்டர் குழம்பிப்போனார். தன் கையைப் பார்த்தார். "எந்து வலிக்குந்நு? ஞான் வலிச்சில்லல்லோ!" நான் இழுக்கவே இல்லையே என்கிறார்.

"வேதனையாணு டாக்டரே!" என்று கூவினாள் மாமி. "வேதனை! வேதனையுண்டு!" பேரன் பிறந்த செய்தியைச் சொல்கிறவள்போல இருந்தது அவள் முகம். அழுதுகொண்டே சிரித்தாள். நானும்தான். பக்கத்துக் கட்டிலில் இருந்த நோயாளி, ஒருவருக்கு வலிக்கிறது என்பதற்கு இப்படிக் கொண்டாடுகிறவர்கள் எந்த ஊர்க்காரர்களோ என்று பார்த்தார்.

அதன்பிறகு எல்லாம் சுலபமாயிற்று. இங்கே? வலிக்கறது. இங்கே? ரொம்ப வலிக்கறது. மாமி ஒவ்வொன்றையும் உடனுக்குடன் மலையாளத்தில் சொன்னாள். நரம்பு இருக்கிறது, ரத்தம் ஓடுகிறது, எலும்புதான் விரிசல், மாவுக்கட்டு போட்டால் போதும் என்று டாக்டர் சிரித்துக்கொண்டே எழுதினார். எழுந்திருக்கப் போனவரின் கோட்டை மாமி பிடித்துக்கொண்டாள். வேறெங்கேயாவது வலிக்கிறதா என்று கேளுங்கள், இன்றைக்கு விட்டால் இந்த மனுஷர் அப்புறம் சொல்லமாட்டார் என்றாள்.

டாக்டர் அதை வழக்கமான கேள்வியாகவே கேட்டார். "வேறெ எவிடெயெங்கிலும் வேதனையுண்டோ?"

மாமா கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். தூங்கிவிட்டாரோ என்றுகூட நினைத்தேன்.

"கிச்சு கூப்பிடவே இல்லை" என்றார்.

டாக்டர் மாமியின் முகத்தைப் பார்த்தார். அதை மட்டும் மாமி மொழிபெயர்க்கவில்லை.